தொண்டைத் தண்ணி வற்றப் பேசுகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

ஏப்ரல் 16 உலகக் குரல் நாள். 1999-ல் பிரேசில் நாட்டுக் குரல் மருத்துவர்கள் தொடங்கிவைத்தது, இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதையொட்டிக் குரல் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்திலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரும் பேச்சு, குரல் பயிற்சியாளர் ஒருவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். திங்கட்கிழமை நன்றாக இருக்கும் குரல் வியாழன் வாக்கில் கம்மிவிடுகிறது. வெள்ளிக்கிழமை மதியம் வெறும் காற்றுதான் வருகிறது. சனி, ஞாயிறு பேசாமல் இருந்தால் திரும்பிவிடும். இரண்டு வருடமாக இப்படி. ஓய்வில் சரியாவதால் பெரிய கோளாறு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
– ஆசிரியை, புதுவயல்

வேண்டாம். ஓய்வில் திரும்புகிறது என்றால் வீக்கம் இன்னும் முழுக்க நிலைத்துவிடவில்லை என்று பொருள். அந்த மட்டில் நல்லது. ஆனால் இரண்டு வருடமாக வாராவாரம் வீங்கி வடிகிற இடத்தில் முடிச்சு கட்டத் தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஒருமுறை குரல்வளைக்குள் பார்த்துவிடுங்கள்.

குரல்வளைக்குள் இரண்டு சதை மடிப்புகள் முன்னிருந்து பின்னாகக் கிடக்கின்றன. இவைதான் குரல்நாண்கள். பெண்களுக்கு 1 முதல் 1.5 செ.மீ. நீளம்தான். சாதாரணப் பேச்சில் ஆண்களுக்கு நொடிக்கு 100 முதல் 130 தடவையும், பெண்களுக்கு ஏறக்குறைய 200 தடவையும் இவை ஒன்றோடொன்று தட்டிப் பிரியும். வகுப்பில் நீங்கள் குரல் எழுப்பும் நேரத்தை மட்டும் கூட்டி, நாளைக்கு ஒரு மணி நேரம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 200 × 3,600 = 7,20,000 தட்டல். சத்தத்தைக் கூட்டினால் ஒவ்வொரு தட்டலும் பலமாக விழும். மடிப்பின் முன்பக்க மூன்றில் ஒரு பங்கும் நடுப்பங்கும் சேரும் இடத்தில்தான் அடி அதிகம். மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்பு விழுவதுபோல அங்கே இரண்டு பக்கமும் எதிரெதிராகத் தடித்துவிடும். அதற்குப் பிறகு மடிப்புகள் முழுதாக மூடாது. நடுவில் காற்று கசியும், குரலில் காற்றோசை வரும். அதை ஈடுகட்ட இன்னும் அழுத்திப் பேசுவோம், அடி இன்னும் கூடும். பெண் ஆசிரியர்களுக்கு இது அதிகம் வர, மடிப்பின் நீளம் குறைவு, தட்டல் அதிகம் என்ற இரண்டும் காரணம்.

முடிச்சு என்றதும் ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். முடிச்சுக்கு முதல் சிகிச்சை குரல் பயிற்சிதான். சில வாரம் முதல் சில மாதம் ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலும் வடிந்துவிடும். பேசும் முறையை மாற்றாமல் வெட்டி எடுத்தால் அதே இடத்தில் மறுபடி வரும்.

முதலில் வகுப்பறையைக் கவனியுங்கள். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்று 1911-லேயே பிரெஞ்சு மருத்துவர் எத்தியன் லோம்பார் எழுதிவைத்தார். “உயர்த்த மாட்டேன்” என்று மனதில் நினைத்துக்கொண்டால் நிற்காது, இரைச்சலைக் குறைத்தால்தான் நிற்கும். லொடலொடவென்று ஆடும் மின்விசிறிக்கு எண்ணெய் விடச் சொல்லுங்கள். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் நேரத்தில் உங்கள் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுங்கள். அமைதிப்படுத்தக் கத்தாதீர்கள். ஒரு சின்ன மணி, அல்லது மூன்று கைத்தட்டல் என்று பழக்கிவிட்டால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேச வேண்டாம். சுவரைப் பார்த்துப் பேசினால் சத்தம் பாதிதான் பிள்ளைகளுக்குப் போகும், சுண்ணாம்புத் தூள் முழுதும் உங்களுக்கு வரும்.

அடுத்தது ஒலிபெருக்கி. இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டியும் காதில் மாட்டும் மைக்கும் சேர்ந்தது ஆயிரத்துச் சில்லறையிலிருந்தே கிடைக்கிறது. மைக்கை உதட்டுக்கு நேரே வைக்காமல் வாயோரத்தில் இரண்டு விரற்கடை தள்ளி வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதும். முதல் பெஞ்சுப் பிள்ளையோடு பேசுகிற சத்தத்தில் நீங்கள் பேச வேண்டும், கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற அளவுக்குப் பெட்டியைத் திருகிவைக்க வேண்டும். மைக்கை மாட்டிக்கொண்டும் பழைய சத்தத்திலேயே பேசுகிறவர்கள் உண்டு. அப்படியானால் அதை வாங்கியே பயனில்லை.

பயிற்சி இது: ஒரு டம்ளரில் பாதி தண்ணீர். இளநீருக்குப் போடுகிற கெட்டியான ஸ்ட்ரா ஒன்று, 5 அல்லது 6 மி.மீ. வாய் உள்ளது (காகித ஸ்ட்ரா ஊறி மடங்கிவிடும்). அதன் நுனி தண்ணீரில் 2 செ.மீ. முங்கியிருக்கட்டும். உதட்டால் காற்று கசியாமல் கவ்விக்கொண்டு, வசதியான சுருதியில் ‘ஊ’ என்று மெதுவாக ஒலியுங்கள். குமிழி ஒரே சீராக வர வேண்டும். விட்டு விட்டு வந்தாலோ பொங்கினாலோ மூச்சு சீராகப் போகவில்லை. இரண்டு நிமிடம் ஒரே சுருதியில், பிறகு ஒரு நிமிடம் கீழிருந்து மேலாக வழுக்கி ஏறி இறங்குவது, கடைசியில் தெரிந்த பாட்டு ஏதாவது ஒன்றைச் சொல்லில்லாமல் அதே ‘ஊ’வில் பாடுவது. மொத்தம் ஐந்து நிமிடம். பள்ளிக்குக் கிளம்பும் முன், மதியம், மாலை. கழுத்து நரம்பு புடைக்கக் கூடாது, மூக்கோரத்திலும் உதட்டிலும் அதிர்வு தெரிய வேண்டும். தண்ணீர் கொடுக்கும் எதிரழுத்தத்தால் குரல்நாண்கள் அதிர்ந்தாலும் அடித்துக்கொள்ளாது. அதுதான் இதன் பயன்.

பனங்கற்கண்டு மிளகுப் பால், சுக்குமல்லிக் காப்பி, சித்தரத்தை, அதிமதுரம். தொண்டை கட்டினால் எங்கள் அப்பத்தா இதில் ஒன்றை வாயில் போடாமல் விடமாட்டார்கள். எது உண்மையிலேயே குரலுக்கு நல்லது?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

அப்பத்தா கொடுத்தால் குடியுங்கள். இதமாக இருக்கும், இருமல் அடங்கும். ஆனால் விழுங்குகிற எதுவும் குரல்நாணைத் தொடாது. தொட்டால் புரை ஏறும். விழுங்கும் நேரத்தில் குரல்வளை மூடிக்கொண்டு, பாலும் கஷாயமும் பின்னால் உள்ள உணவுக்குழாய்க்குப் போய்விடுகின்றன. உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பும் தொண்டையின் மேல்பகுதியோடு சரி. ஆகவே “இதைக் குடித்தேன், குரல் திறந்தது” என்பதில் பெரும்பங்கு, குடிப்பதற்காகப் பேச்சை நிறுத்தியதற்கும், உடம்பில் நீர் ஏறியதற்கும் சேரும்.

தண்ணீர்கூட உடம்பில் கலந்து, குரல்நாணின் மேல் படியும் மெல்லிய வழுவழுப்பாக வந்து சேர நேரமாகும். மேடை ஏறும்போது மடக் மடக்கென்று குடித்துப் பயனில்லை. காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வர வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர். சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளவும்.

குரல்நாணை நேராகத் தொடுவது மூச்சோடு போவது மட்டும்தான். அதனால் ஆவி பிடிப்பது நல்லது. வெறும் வெந்நீர், ஐந்து முதல் பத்து நிமிடம். தைலம், பச்சைக் கற்பூரம் எதுவும் வேண்டாம், அவை உள்ளே உலர்த்தும், எரிச்சலூட்டும். கொதிக்கிற பானைமேல் போர்வையோடு குனிந்து முகம் வெந்துபோனவர்கள் வருகிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கி, மேசைமேல் நகராமல் வைத்து, குழந்தைகளைத் தள்ளியிருக்கச் சொல்லிவிட்டுப் பிடியுங்கள்.

அதிமதுரத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் வாரக்கணக்கில் மென்றால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அழுத்த மாத்திரை சாப்பிடுகிற அப்பத்தா தாமே அதை மென்றுகொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

தை மாதம் முழுக்க மஞ்சுவிரட்டு வர்ணனைக்குப் போகிறவன். இந்த வருடம் ஒரு ஊரில், காளை தொழுவைவிட்டு வந்த நேரத்தில் உச்சக் குரலில் கத்தினேன், ஏதோ அறுந்த மாதிரி குரல் சட்டென்று போய்விட்டது. வலி இல்லை. இரண்டு நாள் கழித்து ஒரு ஊசி போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கும் போய் பேசிவிட்டேன். இப்போது மூன்று மாதம் ஆகியும் குரல் இரட்டையாகக் கேட்கிறது.
– வர்ணனையாளர், சிராவயல் அருகே

கத்திய நொடியிலேயே வலியில்லாமல் குரல் போனால் குரல்நாணில் இரத்தக் கசிவு என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். மடிப்பின் மேல்தோலுக்கு அடியில் மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. உச்ச அழுத்தத்தில் ஒன்று வெடித்தால் மடிப்பு முழுவதும் சிவந்து விறைத்துவிடும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வாயை மூடுவது. ஏறக்குறைய ஒரு வாரம் முழு மௌனம், கைபேசியில் எழுதிக் காட்டிக்கொள்ளலாம். வலிக்கென்று ஆஸ்பிரின், இபுபுரூஃபென் போடக் கூடாது, கசிவு கூடும். (இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் தாமாக நிறுத்தவும் கூடாது, மருத்துவரைக் கேட்க வேண்டும்.) இந்த ஓய்வு கிடைத்தால் பெரும்பாலும் தடம் தெரியாமல் ஆறிவிடும்.

நீங்கள் போட்டுக்கொண்டது ஸ்டீராய்டு ஊசியாக இருக்கலாம். வீக்கத்தை ஒரு நாள் அமுக்கிவைக்கும், காயத்தை ஆற்றாது. வீக்கம் அமுங்கியதும் குரல் வந்துவிட்டதாக நினைத்துக் காயத்தின் மேலேயே கத்திவிடுகிறோம். உள்ளே பார்க்காமல், “நாளைக்கு நிகழ்ச்சி இருக்கு டாக்டர்” என்பதற்காகப் போடும் ஊசியை நாங்கள் ஆதரிக்கவில்லை.

குரல் இரட்டையாகக் கேட்பது, ஒரு பக்கத்தில் மட்டும் கொப்புளம் போன்ற வளர்ச்சி வந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். இரு பக்கமும் இரு எடையில் அதிர்வதால் இரு சுருதி. ஆசிரியைக்குச் சொன்ன முடிச்சு பயிற்சியில் வடியும், இந்தக் கொப்புளத்துக்குப் பலருக்கும் நுண்ணோக்கி வழியாகச் செய்யும் சிறு அறுவை தேவைப்படும். வாய் வழியாகவே செய்வார்கள், கழுத்தில் தழும்பு வராது. பிறகு சில நாள் மௌனம், அதன் பின் பயிற்சி. அடுத்த தை வருவதற்கு நாள் இருக்கிறது, இப்போதே போய்ப் பாருங்கள்.

இனி மைக். திடலில் வர்ணனை செய்பவர் கத்துவதற்குக் காரணம் கூட்டம் மட்டுமில்லை. கூம்புக் குழாய்கள் எல்லாம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருப்பதால் அவருக்குத் தன் குரலே கேட்பதில்லை. சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சொல்லி உங்களைப் பார்த்து ஒரு சின்னப் பெட்டி வைக்கச் சொல்லுங்கள். அது மைக்கின் பின்புறமாக இருக்க வேண்டும், மைக்கின் வாய்க்கு நேராக இருந்தால் ‘கொய்ங்’ என்று கத்தும். மைக்கை அதன் கைப்பிடியில் பிடியுங்கள். வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் குரல் கொழகொழத்து, அதே ‘கொய்ங்’கும் வரும். உதட்டிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை போதும். பரபரப்பைச் சத்தத்தில் காட்டாமல் வேகத்தில் காட்டுங்கள். “மாடு வருது, மாடு வருது” என்பதைக் குரலை ஏற்றாமலே வேகமாக அடுக்கினால் கேட்பவருக்கு அதே விறுவிறுப்பு இருக்கும். மண் புழுதிக்கு, பேசாத நேரத்தில் மூக்கையும் வாயையும் துண்டால் மூடிக்கொள்ளுங்கள்.

கல்யாண வீட்டுச் சமையல் எடுத்துச் செய்கிறேன். வயது 54. மிளகாய் தாளிக்கிற புகையும், ஆட்களைக் கூப்பிட்டு வேலை வாங்குவதுமாகக் குரல் எப்போதுமே கரகரதான். இப்போது இரண்டு மாதமாகக் காலையில் எழுந்தால் பேச்சே வருவதில்லை, தொண்டையில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி செருமிக்கொண்டே இருக்கிறேன். வெற்றிலை புகையிலை உண்டு, பீடி எப்போதாவது.
– சமையல் மாஸ்டர், பள்ளத்தூர்

உங்கள் கடிதத்தில் நாங்கள் முதலில் படித்தது கடைசி வரியைத்தான். ஐம்பதைத் தாண்டியவர், புகையிலை, இரண்டு மாதக் கரகரப்பு: இந்த மூன்றும் சேர்ந்தால் வேறு எதையும் யோசிக்கும் முன் உள்ளே பார்த்தாக வேண்டும். இந்த வாரமே போங்கள். குரல்நாணில் வரும் புற்று மற்றப் புற்றுகளைப் போல ஒளிந்திருப்பதில்லை. கடலைப்பருப்பளவு இருக்கும்போதே குரலை மாற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நிலையில் கண்டுபிடித்தால் கதிர் சிகிச்சை மட்டுமோ லேசர் மட்டுமோ போதும், மிகப் பெரும்பாலோர் குணமாகிறார்கள். “எப்பவும் இருக்கிற கரகரதானே” என்று ஒரு வருடம் தள்ளினால் குரல்வளையையே எடுக்கும்படி ஆகலாம்.

எல்லோரும் குறித்துவைத்துக்கொள்ள: புகையோ புகையிலையோ பழக்கமுள்ளவருக்குக் கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் பரிசோதனை. பழக்கம் இல்லாதவருக்கும் நான்கு வாரம்தான் கெடு. எச்சிலில் இரத்தம், கழுத்தில் கட்டி, விழுங்க வலி, மூச்சில் சீறல், காரணமில்லாமல் உடல் மெலிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வாரக் கணக்குப் பார்க்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் சேர்ந்திருந்தால் சளிப் பரிசோதனையும் செய்ய வேண்டும். காசநோய் குரல்வளையிலும் வரும். அரசு மருத்துவமனையில் அந்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

பரிசோதனையில் அப்படி ஒன்றும் இல்லை என்று வந்தால், அடுத்த சந்தேகம் வயிற்று அமிலம். பந்தியெல்லாம் முடிந்து, பாத்திரம் கழுவி, இரவு பதினொன்றரைக்குக் கோழி வறுவலும் குழம்புமாகச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டகையிலேயே படுக்கிற தொழில் இது. படுத்தவுடன் அமிலம் மேலேறி, குரல்நாணின் பின்பகுதியைத் தொடும். காலையில் மோசம், மதியம் பரவாயில்லை என்ற வரிசை அதனால்தான். பந்திக்கு முன்பே, ஏழு ஏழரைக்கு வயிற்றை நிரப்பிக்கொள்ளுங்கள். இரவில் பசித்தால் லேசாக இரண்டு இட்லி. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். வீட்டில் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் செங்கலோ மரக்கட்டையோ வைத்து அரையடி உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு அழுந்தும், பலன் தலைகீழ். நெஞ்செரிச்சல் துளியும் இல்லாமல் குரல் மட்டும் கெட்டிருந்தால், அமில மாத்திரையை நீங்களே வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள்.

செருமுவது குரல்நாண்களை ஒன்றோடொன்று அறைவது. ஒட்டியிருப்பதுபோலத் தெரிவது பெரும்பாலும் வீக்கம்தான், செருமினால் போகாது, இன்னும் வீங்கும். ஒரு மிடறு தண்ணீர் குடித்து அழுத்தி விழுங்குங்கள். முடியாதபோது ‘ஹ்’ என்று ஓசையில்லாமல் காற்றை மட்டும் வெளியே தள்ளுங்கள். தாளிக்கும்போது அடுப்புக்குக் காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். மிளகாயைப் போட்டதும் மூச்சை அடக்கி இரண்டடி விலகுங்கள். ஆளைக் கூப்பிட அண்டா விளிம்பில் கரண்டியால் தட்டுங்கள்: ஒரு தட்டு காய் வெட்டுகிறவர், இரண்டு தட்டு பந்தி விசாரிக்கிறவர் என்று பேசிவைத்துக்கொண்டால் போதும்.

பட்டிமன்றங்களில் பேசுகிறேன். திறந்த மேடையில் இரண்டு மணி நேரம் பேசினாலும் களைப்பதில்லை. நகரத்தார் வீட்டுக் கல்யாணங்களில், வளவிலோ (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) பட்டாலையிலோ (உயர்ந்த திண்ணைக் கூடம்) பேசினால் அரை மணியில் தொண்டை நோகிறது. ஏன்?
– பேச்சாளர், தேவகோட்டை

அந்த வீடுகள் கண்ணுக்கு அழகு, காதுக்குக் கடினம். கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் கண்ணாடிபோல் மின்னும் சுண்ணாம்புப் பூச்சு, வழவழப்பான தூண்கள், உயர்ந்த கூரை. ஒலியை உறிஞ்ச ஒன்றுமில்லை. நீங்கள் சொன்ன சொல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. “ஒண்ணும் புரியலை” என்று கூட்டம் முகம் சுளிக்கிறது, நீங்கள் சத்தத்தைக் கூட்டுகிறீர்கள், எதிரொலியும் அதே அளவு கூடுகிறது. அங்கே சத்தத்தால் ஒன்றும் ஆகாது.

வேகத்தைக் குறைத்து, ஒரு தொடருக்கும் அடுத்ததற்கும் நடுவே எதிரொலி அடங்க இடம் விட்டுப் பேசுங்கள். சொல்லின் கடைசி மெய்யெழுத்தை விழுங்காமல் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் ஜமுக்காளம் விரிக்கவும், சுவரோரம் கனத்த திரையோ பட்டுச் சேலையோ தொங்கவிடவும் கேளுங்கள். உட்கார்ந்திருக்கிற ஆட்களே நல்ல ஒலி உறிஞ்சிகள், அதனால் கூட்டம் நிரம்பும் முன் ஒலிபெருக்கியைச் சரிபார்த்து முடிவுகட்டாதீர்கள். ஒரு மூலையில் பெரிய பெட்டியை அலறவிடுவதைவிட நான்கு சின்னப் பெட்டிகளைக் கூட்டத்துக்கு நெருக்கமாகக் குறைந்த சத்தத்தில் வைப்பது மேல். இடம் உங்கள் விருப்பம் என்றால் வானம் தெரிகிற வளவுப் பக்கமாக நில்லுங்கள், ஒலி மேலே போய்விடும்.

காரைக்குடியில் சா. கணேசன் 1939-ல் கம்பன் திருநாளைத் தொடங்கிய காலத்திலிருந்து மேடைப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுப் பழகிய ஊர் இது. நிதானமாகப் பேசுகிறவரை இங்கே யாரும் சோர்வானவர் என்று நினைக்கமாட்டார்கள்.

தொண்டை கட்டியிருக்கும்போது குசுகுசுவென்று பேசினால் குரலுக்கு ஓய்வா?
– கோனாபட்டு

இல்லை. பலர் குசுகுசுக்கும்போது குரல்வளையைச் சாதாரணப் பேச்சைவிட அதிகமாக இறுக்குகிறார்கள். சளி, காய்ச்சலோடு வந்த குரல் கம்மலுக்குத் தாழ்ந்த குரலில், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி, குறைவாகப் பேசுங்கள். வைரஸால் வருவது ஒன்று இரண்டு வாரத்தில் தானே சரியாகும், ஆன்டிபயாட்டிக் தேவையில்லை.

மகனுக்கு 17 வயது. மீசை முளைத்துவிட்டது, உயரமும் வந்துவிட்டது. குரல் மட்டும் பெண் குரலாகவே இருக்கிறது. போனில் பேசினால் “அம்மா, ஐயா இருக்காங்களா” என்று கேட்கிறார்கள். கல்லூரிக்குப் போகவே கூசுகிறான். ஹார்மோன் ஊசி போட வேண்டுமா?
– தாய், கண்டனூர்

மீசையும் உயரமும் வந்துவிட்டதென்றால் ஹார்மோன் தன் வேலையைச் செய்துவிட்டது என்றுதான் பொருள், ஊசி தேவைப்படாது. ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் குரல்வளை சட்டென்று வளரும், மகரக்கட்டு உடையும் (குரல் உடைந்து கனமாக இறங்கும்). சிலருக்குக் குரல்வளை வளர்ந்த பிறகும், அதை மேலே இழுத்துப் பிடித்து மெல்லிய குரலிலேயே பேசுகிற பழைய பழக்கம் போவதில்லை. கருவி புதிது, வாசிக்கிற முறை பழையது. கோளாறு உடம்பில் இல்லை என்பதை அவனுக்கு முதலில் சொல்லுங்கள்.

வீட்டில் ஒரு சோதனை: அவனை இருமச் சொல்லுங்கள். இருமல் ஆண் குரலில் கனமாக வந்தால், உள்ளே அந்தக் குரல் இருக்கிறது. பயிற்சியாளர் அந்த இருமலிலிருந்தே தொடங்குவார். இருமலின் வாலை ‘ஆ’ என்று நீட்டச் சொல்வார். வளர்ந்த குரல்வளை முனையை விரலால் மெல்லக் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்தால் குரல் இறங்கும் (இதைப் பயிற்சியாளரே செய்ய வேண்டும், வீட்டில் வேண்டாம்). பிறகு ‘ஆ’விலிருந்து ‘மா’, ‘மாமா’, எண்கள், வாசிப்பு என்று போகும். பலருக்குச் சில அமர்வுகளிலேயே குரல் இறங்கிவிடும். கடினம் அதற்குப் பிறகுதான். புதுக் குரலில் வீட்டில் பேசக் கூச்சப்படுவான். சித்தப்பா, அத்தை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி, யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னதாக மருத்துவர் உடல் வளர்ச்சியையும் செவித்திறனையும் ஒருமுறை பார்த்துவிடுவார். பயிற்சிக்கு இணங்காத மிகச் சிலருக்கே அறுவை.

தைராய்டு ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். குரல் காற்றாகப் போகிறது, தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது.
– திருப்பத்தூர்

குரல்நாணை அசைக்கும் நரம்பு தைராய்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஓடுகிறது. அது இழுபட்டாலே ஒரு பக்க மடிப்பு அசையாமல் நிற்கும். அறுபடாமல் இழுபட்டது மட்டும் என்றால் பெரும்பாலும் மாதங்களில் திரும்பும், ஒரு வருடம்வரைகூட ஆகலாம். ஆனால் “தானே வரும்” என்று சும்மா காத்திருக்க வேண்டாம். இப்போதே உள்ளே பார்த்தால், அசையாத மடிப்பை நடுவுக்குத் தள்ளும் தற்காலிக ஊசி போடலாமா என்று முடிவு செய்யலாம். குரலும் வரும், புரையும் நிற்கும். அதுவரை தண்ணீரைச் சிறு மிடறாக, மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்குங்கள். மூச்சில் சீறல் கேட்டால் அவசரம், அன்றே மருத்துவமனை.

இரத்த அழுத்த மாத்திரை தொடங்கியதிலிருந்து வறட்டு இருமல், குரலும் கெட்டுவிட்டது. சம்பந்தம் உண்டா?
– ஓதுவார், குன்றக்குடி பக்கம்

உண்டு. மாத்திரைப் பெயர் ‘ப்ரில்’ என்று முடிகிறதா பாருங்கள்: எனலாப்ரில், ராமிப்ரில் வகை. இவற்றில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ‘சார்டன்’ என்று முடியும் வகைக்கு மாற்றித் தருவார். இருமல் அடங்கச் சில வாரம் ஆகும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்களுக்கும் குரல் கம்மும். ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் மாட்டும் குழாய்) போட்டு இழுங்கள், முடிந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.

தைப்பூசத்துக்கு குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறோம். வழியெல்லாம் பாட்டு, அரோகரா. பழனி போய்ச் சேரும்போது பாதிப் பேருக்குக் குரல் இருப்பதில்லை. என்ன செய்யலாம்?
– பாத யாத்திரைக் குழு, கானாடுகாத்தான்

நடக்கிற மூச்சும் பாடுகிற மூச்சும் சண்டைபோடுகின்றன. வேகநடையில் பாடினால் மூச்சு பாதியில் தீர்ந்து, மிச்சத்தைத் தொண்டையை இறுக்கித் தள்ளுகிறோம். நீளப் பாட்டெல்லாம் தங்குமிடத்தில் வையுங்கள். நடையில், ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பும் சின்ன அடிகள் போதும். முன்னே சொல்பவரைக் கால் மணிக்கொரு முறை மாற்றுங்கள்.

இன்னொன்று, சுருதி. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை இயல்பு. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. குழு முழுவதும் ஒரே சுருதியில் பாடினால் ஒரு சாரார் கத்தித்தான் ஆக வேண்டும். பெண்கள் ஒரு பாட்டு, ஆண்கள் ஒரு பாட்டு என்று பிரித்துக்கொண்டால் சுருதியும் பொருந்தும், பாதி நேரம் ஓய்வும் கிடைக்கும். காலையில் முதல் பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் உதட்டை ‘ப்ர்ர்’ என்று அதிரவிட்டோ, வாயை மூடி ‘ம்’ என்றோ மெல்ல ஏற்றி இறக்குங்கள். விடியற்பனியில் வாயால் மூச்சு இழுக்க வேண்டாம், கழுத்துத் துண்டை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொள்ளுங்கள். குரல் கம்மியவரைப் பாடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அவர் கையில் ஜால்ராவைக் கொடுங்கள்.

உள்ளே பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்கிறீர்கள். குழாய் விடுவதை நினைத்தாலே குமட்டுகிறது. எங்கே போவது, எவ்வளவு நேரம் ஆகும்?
– பலர்

1854-ல் மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் ஒரு சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய வெளிச்சத்தில் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். இன்றைய கருவி அதைவிட வசதியானது. மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, 3 மி.மீ. அளவிலான வளையும் குழாயை மூக்கு வழியாக விடுவார்கள். நாக்கின் அடியைத் தொடாததால் குமட்டல் குறைவு, பார்ப்பதற்கு இரண்டு மூன்று நிமிடம்தான். அதிர்வையே மெதுவாக்கிக் காட்டும் விட்டுவிட்டு ஒளிரும் விளக்கு உள்ள இடமாக இருந்தால் சிறு முடிச்சும் தப்பாது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. குரல் பயிற்சியாளர் எந்தக் கிழமைகளில் இருப்பார் என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். குரல் நன்றாக இருந்தபோது கைபேசியில் பதிவான பேச்சு ஏதாவது இருந்தால் அதையும் போட்டுக் காட்டுங்கள். ஆழ மூச்சிழுத்து ஒரே மூச்சில் ‘ஆ’ என்று எத்தனை நொடி நீட்ட முடிகிறது என்று வீட்டில் மூன்று முறை பார்த்து, அதிகபட்சத்தை எழுதிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் பதினைந்து நொடிக்கு மேல் வர வேண்டும், பத்துக்குக் கீழே நின்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து தெளித்த பிறகு ஒரு மணி நேரம் தொண்டை மரத்திருக்கும். வெளியே வந்ததும் டீக்கடைக்குப் போகாதீர்கள், புரை ஏறும்.